கடை வாசலில் ஒரு காவல்காரன்!

சேலத்துக் கொலுசுக் கடைகளிலும் தம்மம்பட்டி மரச் சிற்பப் பட்டறைகளிலும் நாய் படும் பாடு, வாடிக்கைக்காரர் படும் பாடு

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கப் போகிறவர்களை முதலில் வரவேற்பது எப்போதும் முதலாளிதான் என்று நினைத்துவிடக் கூடாது. சில கடைகளில் அந்த வேலையை வாசற்படியில் படுத்திருக்கும் ஒரு நாய் செய்கிறது.

அது எழுந்திருப்பதில்லை. குரைப்பதும் இல்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். வந்தவர் பழைய ஆள் என்றால் வாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டும். புது ஆள் என்றால் தலையைத் தூக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பார்வையில் வாடிக்கைக்காரர்கள் இரண்டு மூன்று கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள்!

முதல் கட்சி, பயந்தவர்கள் கட்சி. இவர்கள் படிக்குக் கீழேயே நின்றுவிடுவார்கள். செருப்பைக் கழற்றவும் மாட்டார்கள். திரும்பிப் போகவும் மாட்டார்கள். உள்ளே இருக்கும் ஆளைப் பார்த்துக் கையைக் காட்டுவார்கள். “வாங்கக்கா, ஒண்ணும் பண்ணாதுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வரும். உலகத்தில் நாய் வளர்க்கும் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. அதைக் கேட்டுப் பயம் தெளிந்தவர்கள் ரொம்பக் குறைவு. “உங்களை ஒண்ணும் பண்ணாது. என்னைப் பண்ணினால்?” என்ற கேள்வி அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கும்.

இரண்டாவது கட்சி, கொஞ்சுகிறவர்கள். கொலுசு வாங்க வந்ததையே மறந்து படியில் உட்கார்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும்தான். தாயார் உள்ளே எடை பார்த்துக்கொண்டிருப்பாள். பெண் வெளியே நாயின் காதைத் தடவிக்கொண்டிருப்பாள். “கையைக் கழுவிட்டுத்தான் கொலுசைத் தொடணும்” என்று தாயாரின் சத்தம் அடிக்கடி கேட்கும்.

மூன்றாவது கட்சிக்கு நாய் கண்ணிலேயே படாது. தாண்டிக்கொண்டு போவார்கள். தாண்டிக்கொண்டு வருவார்கள். இவர்கள் வெளியூர் வியாபாரிகள். மொத்தமாகச் சரக்கு எடுக்க வருகிறவர்கள். கிராமும் டச்சும் மனதில் ஓடும்போது நாய் எங்கே தெரியும்?

கடைக்காரருக்கு இந்த மூன்று கட்சியும் வேண்டும். கஷ்டம் அங்கேதான் ஆரம்பம் ஆகிறது. நாயைத் துரத்தினால் கொஞ்சுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். வைத்துக்கொண்டால் பயந்தவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். அதிலும் கொலுசு என்பது பெரும்பாலும் குழந்தைக்கு வாங்கும் சாமான். பெயர் சூட்டு, காது குத்து, பிறந்த நாள், ஆடி நோன்பு என்று குழந்தையோடுதான் வருவார்கள். குழந்தையின் காலில் அளவு பார்க்காமல் கொலுசு வாங்க முடியுமா?

மூக்கும் காதும்

பழைய வாடிக்கைக்காரரை நாய் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று சிலர் ஆச்சரியப்படுவார்கள். வருஷம் ஒரு முறை வருகிற ஆளைக்கூட அது அடையாளம் கண்டுகொள்ளும். காரணம் மூக்கு. மனிதன் முகத்தைப் பார்த்து ஆளை நினைவு வைப்பதுபோல நாய் வாசனையை வைத்து நினைவு வைக்கிறது. சட்டை புதிது, செருப்பு புதிது, கண்ணாடி புதிது என்றாலும் உடம்பின் வாசனை பழசுதானே!

காதும் லேசுப்பட்டது அல்ல. மனிதக் காதுக்கு நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வுக்கு மேல் கேட்காது. நாய்க்கு 45 ஆயிரம் வரை கேட்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சலங்கை வைத்த கொலுசை எடுத்து ஒரு முறை குலுக்கினால் நமக்கு இனிமையாக இருக்கிறது. அதே சத்தத்தில் நமக்குக் கேட்காத கூர்மையான நாதமும் நாயின் காதில் விழுகிறது. நாள் முழுவதும் அந்தச் சத்தத்திற்கு நடுவே தூங்கும் கடை நாய், இரவில் ஷட்டர் பக்கம் கம்பி உரசினால் மட்டும் துள்ளி எழுகிறது. எந்தச் சத்தம் வியாபாரச் சத்தம், எந்தச் சத்தம் வேற்றுச் சத்தம் என்று அது பழகிப் பிரித்து வைத்திருக்கிறது.

அந்தக் காலத்தில் கிராமபோன் தட்டு விற்ற கடைகளிலும் ஒரு நாய் உண்டு. அது படத்தில் இருந்த நாய். குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்து கேட்குமே, அதுதான். நிப்பர் என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்து 1895-ம் ஆண்டில் இறந்த உண்மையான நாய். பிரான்சிஸ் பாரட் என்ற ஓவியர் வரைந்த அந்தப் படத்தை 1899-ம் ஆண்டில் கிராமபோன் கம்பெனி விலைக்கு வாங்கியது. நம் ஊரில் கம்பெனியின் ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாதவர்கள்கூட “நாய் மார்க் பிளேட்டு கொடுங்க” என்று கேட்டு வாங்கினார்கள். அந்த நாயால் யாருக்கும் பயம் இல்லை, செலவும் இல்லை!

பட்டறைக்குள் இடம் இல்லை

கடை வாசலில் நாய்க்கு இடம் உண்டு. வெள்ளிப் பட்டறைக்குள் இடம் கிடையாது. அதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன.

சேலத்தில் கொலுசு ஒரே கூரையின் கீழ் தயார் ஆவது இல்லை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டி என்று பல இடங்களில் வீட்டுக்கு வீடு வேலை நடக்கிறது. ஒரு வீட்டில் வெள்ளியை உருக்குவார்கள். இன்னொரு வீட்டில் கம்பியாக இழுப்பார்கள். வளையம் கோக்க ஒருவர், பற்றவைக்க ஒருவர், மெருகு போட ஒருவர். ஒரு ஜோடிக் கொலுசு பெண்ணின் காலுக்குப் போவதற்கு முன் பல கைகளைப் பார்த்துவிடுகிறது.

பற்றவைக்கிற இடத்தில் நெருப்பு இருக்கிறது. அழுக்கு எடுக்கிற இடத்தில் திராவகம் இருக்கிறது. மூக்கை நீட்டி எதையும் முகர்ந்து பார்க்கும் பிராணிக்கு இது ஏற்ற இடம் அல்ல. திராவகம் தெறித்த தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினால் போதும், நாக்கு வெந்துவிடும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. வெள்ளிப் பட்டறையில் தூசுக்கும் விலை உண்டு. அரம் போடும்போது சிந்தும் பொடி தரையில் விழும். அந்தக் குப்பையை யாரும் வெளியே கொட்டுவது இல்லை. கூட்டிச் சேர்த்து வைத்து, அரித்து, மறுபடியும் உருக்கி வெள்ளி எடுப்பார்கள். அப்படிப்பட்ட தரையில் ஒரு நாய் புரண்டு எழுந்து, வீதிக்குப் போய் உடம்பை உதறினால் முதலாளியின் வயிறு எரியாதா? 2025-ம் ஆண்டில் வெள்ளி விலை கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டி மேலே மேலே போயிற்று. நாயின் ரோமத்தையும் சல்லடையில் போட வேண்டிய காலம்!

விலை ஏற ஏறக் கடைக்காரரின் இரவுத் தூக்கமும் குறைந்துகொண்டு வருகிறது. வாசலில் படுக்கும் நாய்க்கு ஒரு கை சோறு அதிகம் கிடைப்பது அதனால்தான். காமிரா இருக்கிறது, பூட்டு இருக்கிறது. ஆனால் காமிரா நடந்ததைக் காலையில் காட்டும். நாய் நடக்கும்போதே ஊரைக் கூட்டும்.

தம்மம்பட்டியில் வேறு கதை

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் போய், அங்கிருந்து தெற்கே திரும்பினால் சுவேத நதிக் கரையில் தம்மம்பட்டி. மரச் சிற்பத்திற்குப் பெயர் போன ஊர். இங்கே கடையும் பட்டறையும் ஒன்று. வெள்ளிப் பட்டறையில் நாய்க்கு மறுக்கப்பட்ட இடம் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது.

வாகை, தேக்கு போன்ற மரங்களில்தான் வேலை. சிற்பத்தின் பெரும்பகுதி ஒரே கட்டையில் குடையப்படுகிறது. முதலில் மரத்தின் மேல் கோடு போட்டு அளவு குறிப்பார்கள். பிறகு வாய்ச்சியால் வேண்டாத பகுதியைச் செதுக்கித் தள்ளுவார்கள். அதற்குப் பிறகுதான் உளியும் கொட்டாப்புளியும். பிள்ளையாரின் தும்பிக்கையும், யாளியின் பல்லும், திருவாசியின் இலையும் மெல்ல மெல்ல வெளியே வரும். கடைசியில் உப்புத்தாள்.

இந்த வேலையில் சிராய் மலைபோலக் குவிகிறது. மார்கழிக் குளிரில் அதைவிடச் சுகமான படுக்கை நாய்க்கு வேறு எங்கே கிடைக்கும்? கொட்டாப்புளியின் டக்டக் சத்தம் அதற்குத் தாலாட்டு. வாடிக்கைக்காரர் வந்து பார்த்தால் அரைகுறையாகச் செதுக்கிய யானை ஒரு பக்கம், சிங்கம் ஒரு பக்கம், நடுவே உயிரோடு ஒரு நாய். அசையாமல் படுத்திருந்தால் குழந்தைகள் அதையும் மரம் என்று நினைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். இதுதான் ஆபத்து. தூங்குகிற நாயைத் திடீர் என்று தொட்டால், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், பதறி வாயைத் திறக்கும். சோறு தின்னும்போதும் குட்டியோடு இருக்கும்போதும் அப்படியே.

மரச் சிற்பம் வாங்க வருகிறவர்கள் அவசரப்படுவது இல்லை. பூஜை அறைக்குக் கதவு வேண்டும் என்று வருவார்கள். படம் காட்டுவார்கள். அளவு சொல்வார்கள். மரம் எது என்று பேசுவார்கள். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும். பிறகு வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க மறுபடியும் வருவார்கள். ஆகவே நாய்க்கும் அவர்களுக்கும் பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. கொலுசுக் கடையில் பத்து நிமிஷத்தில் வந்து போகும் கூட்டத்திற்கு இந்த வசதி இல்லை. நாயின் குணத்தைவிடக் கடையின் வேகம்தான் பல சமயம் வம்புக்குக் காரணம்.

நாயையே கேட்டு வாங்குகிறவர்கள்

உயிருள்ள நாயைக் கண்டு ஒதுங்கும் அதே ஜனங்கள், பணம் கொடுத்து நாய் உருவத்தை வாங்கிப் போவதும் இந்த நாட்டில் உண்டு.

பைரவர் சிலை செய்யச் சொன்னால் பின்னால் நாயும் சேர்ந்துதான் வரவேண்டும். அது அவருடைய வாகனம். சேலம் மாவட்டம் தலைவாசல் பக்கத்தில் வசிஷ்ட நதிக் கரையில் இருக்கிறது ஆறகழூர். அங்கே காமநாத ஈசுவரர் கோயிலில் எட்டுப் பைரவர்கள் இருக்கிறார்கள். தேய்பிறை அஷ்டமி அன்று கூட்டம் நெரியும். கோயிலுக்குள் நாய் வாகனத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் தெரு நாயை “சீ, போ” என்று விரட்டுவதில் நம்மவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. மாறாக, அன்றைக்கு மட்டும் பிஸ்கட் வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கிராமங்களில் மண் உருவாரம் செய்து சாமிக்கு நேர்ந்துவிடும் வழக்கம் உண்டு. குதிரையும் மாடும்போல நாயும் உருவாரம் ஆகிறது. குயவர் வீட்டுச் சூளையில் வெந்து, காவல் தெய்வத்தின் கோயிலில் வரிசையாக நிற்கும். காவல்காரச் சாமிக்குத் துணைக் காவல்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கல் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் கிடைத்த நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 1,400 ஆண்டுப் பழசு. எருமைகளைக் காக்கப் போரிட்டுக் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்து போனான். அவன் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டுச் சொல்கிறது. வீரனின் பெயரைப் பொறித்த சிற்பி நாயின் பெயரை விட்டுவிடவில்லை. கோவிவன்! ராஜாக்களின் பெயர்களே எத்தனையோ அழிந்துபோய்விட்டன. ஒரு மாட்டுக் கொட்டகை நாயின் பெயர் நிற்கிறது.

பம்பாயில் நாய்க்குத் தனி அறை

பெரிய இடத்திலும் வாசல் நாய் உண்டு. பம்பாயில் டாட்டா கம்பெனிகளின் தலைமை அலுவலகமான ‘பாம்பே ஹவுஸ்’ கட்டடம் பெயர் பெற்றது. தெரு நாய்கள் அங்கே வெகு காலமாக வாசலில் தங்கிவந்தன. 2018-ம் ஆண்டில் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது அவற்றுக்கு என்றே தனி இடம் ஒதுக்கினார்கள். அலுவலகத்திற்கு யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது நாய். 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் காலமான ரத்தன் டாட்டா அவற்றின் மேல் வைத்திருந்த பிரியம் நாடு அறிந்தது.

ஆனால் அந்த நாய்களுக்குத் தடுப்பு ஊசி உண்டு, கவனிக்க ஆள் உண்டு, இடம் உண்டு. செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் ஒரு ஷட்டர் அகலமே உள்ள கடைக்கு அவ்வளவு வசதி ஏது? அங்கே நாய்க்கும் வாடிக்கைக்காரருக்கும் ஒரே படிதான்.

இது யார் நாய்?

கடை நாயைச் சுட்டிக்காட்டி, “இது உங்க நாயா?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். “சோறு போடறோம்ங்க. இங்கயே கெடக்குது” என்பார்கள். ஆம் என்றும் இல்லை. இல்லை என்றும் இல்லை.

சட்டத்தில் இந்தப் பதிலுக்கு இடம் கிடையாது. மத்திய சர்க்கார் 2023-ம் ஆண்டில் பிராணிகள் கருத்தடை விதிகளைக் கொண்டுவந்தது. அதில் இரண்டே வகைதான். ஒன்று, சொந்தக்காரர் உள்ள வளர்ப்பு நாய். மற்றொன்று, தெரு நாய். வளர்ப்பு நாய் என்றால் ஊசி, கருத்தடை, லைசென்சு எல்லாம் சொந்தக்காரர் பொறுப்பு. தெரு நாய் என்றால் அந்தப் பொறுப்பு நகராட்சி, மாநகராட்சி போன்ற ஸ்தாபனங்களுடையது. பிடித்துக் கருத்தடை செய்து, வெறி நோய்த் தடுப்பு ஊசி போட்டு, காதில் சிறு வெட்டு அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

கடை நாய் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நல்ல பெயர் வாங்கும்போது கடையின் நாய். யாரையாவது பிடுங்கிவிட்டால் தெருவின் நாய்!

இந்த நடுநிலை அதிக நாள் ஓடாது போல் இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, டெல்லி வட்டாரத்துத் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க உத்தரவிட்டது. நாடே இரண்டு பட்டது. ஆகஸ்டு 22-ந் தேதி 3 நீதிபதிகள் அதை மாற்றினார்கள். ஊசி போட்டுக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடலாம். வெறி நோய் கண்ட நாயையும் மூர்க்கமான நாயையும் விடக் கூடாது. கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்றார்கள். நவம்பர் 7-ந் தேதி மற்றோர் உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெரு நாய்களை அகற்ற வேண்டும். அவற்றைத் திரும்பவும் அதே இடத்தில் விடக் கூடாது என்று அது சொன்னது.

சென்னையில் அதே ஆண்டில் மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு லைசென்சைக் கட்டாயம் ஆக்கி, தவறினால் அபராதம் என்றது. மற்ற ஊர்க் கடைக்காரர்களும் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வண்டி வந்து நிற்கும் நாளில் “இது எங்க நாய்” என்று சொல்ல வாய் மட்டும் போதாது. கையில் காகிதம் வேண்டும். கழுத்தில் பட்டையும் ஊசிச் சீட்டும் இல்லாத கடை நாய், எத்தனை வருஷம் அதே படியில் படுத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்குத் தெரு நாய்தான்.

பட்டை கட்டிவிட்டால் வேறு கடமைகள் வந்து சேர்கின்றன. 1960-ம் ஆண்டுப் பிராணி வதைத் தடைச் சட்டத்தின்படி, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை உலாவ விடாமல் இருப்பதும் குற்றம். வாடிக்கைக்காரர் பயப்படுகிறார் என்று கடையின் பின்பக்கம் ஒரு முழச் சங்கிலியில் நாள் முழுவதும் கட்டிப்போடுவது பரிகாரம் ஆகாது. இன்னொரு பக்கம், தன் பிராணியால் மற்றவருக்கு ஆபத்து வராமல் போதிய கவனம் எடுக்காதவருக்கு பாரதீய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு 6 மாதம் வரை சிறை அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் கொடுக்கிறது. கொஞ்சம் யோசித்துத்தான் “எங்க நாய்” என்று சொல்ல வேண்டும்!

பிடுங்கிவிட்டால்?

பயந்தவர்கள் கட்சியைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெறி நாய்க் கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 59 ஆயிரம் பேர் இதனால் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். பலியாகிறவர்களில் குழந்தைகள் நிறைய. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படிக்குக் கீழே தயங்கும் தாயார் வீண் பயம் பயப்படவில்லை.

ஆனால் உடனே கவனித்தால் தப்பிக்க முடியும். அந்தச் செய்தியும் அதே அளவுக்கு உண்மை. கடி சிறிதாக இருந்தாலும், நகக் கீறலாக இருந்தாலும், முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வைக்கக் கூடாது. பிறகு தாமதம் இல்லாமல் ஆஸ்பத்திரி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். ரத்தம் கசியும் காயம் என்றால் ஊசியோடு காயத்திலேயே போடும் எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும். அதை டாக்டர் முடிவு செய்வார். போட வேண்டிய தவணைகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் இன்றும் பயமுறுத்துவார்கள். அந்தப் பழைய மருந்து கைவிடப்பட்டு 20 ஆண்டு ஆகிவிட்டது. இப்போது தோளில் சிறு ஊசிதான். பாரிஸ் நகரத்தில் பாஸ்டர் 1885-ம் ஆண்டில் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார். 22 ஆண்டு கழித்து, 1907-ல், நீலகிரி குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு தென்னாட்டில் நாய் கடித்தவர், வைத்தியத்துக்கு இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை போக வேண்டியிருந்தது. இன்று ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. கடித்தவுடன் போவதற்கு மட்டும் மனம் வேண்டும். “கடை நாய்தானே, பழகின நாய்தானே” என்ற எண்ணத்தில் தள்ளிப்போடுவதுதான் மோசம். பழகின நாய்க்கும் ஊசி போட்டிருந்தால்தான் அது நம்பத் தகுந்தது.

கடை நாய்க்கு ஊசி போடுவது பெரிய செலவும் அல்ல. குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி; டாக்டர் சொல்லும் நாளில் இன்னொன்று; பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. கால்நடை வைத்தியத்தில் இந்த வட்டாரத்துக்குக் குறைவே இல்லை. நாமக்கல்லில் 1985-ம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ம் ஆண்டில்தான். கல்லூரி அதற்கு 12 ஆண்டு மூத்தது! கோழிக்கும் மாட்டுக்கும் பெயர் போன கல்லூரி என்றாலும், நாய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு. 2021-ம் ஆண்டில் தலைவாசலில் பெரிய கால்நடைப் பூங்காவும் கல்லூரியும் திறந்தார்கள். எட்டுப் பைரவர் இருக்கும் ஆறகழூர் அதற்குப் பக்கத்து ஊர். பாஸ்டர் இறந்த நாளான செப்டம்பர் 28-ந் தேதியை உலக வெறி நோய்த் தடுப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று சர்க்கார் கால்நடை ஆஸ்பத்திரிகளில் இலவசமாக நாய்க்கு ஊசி போடுவது வழக்கம்.

ஊசிச் சீட்டைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் என்ன? “கடிக்காதுங்க” என்று நூறு முறை சொல்வதைவிட அந்த ஒரு காகிதம் பயந்தவர்களுக்கு அதிகத் தைரியம் கொடுக்கும். கூட்டம் வரும் நேரத்தில் நாயைப் படியிலிருந்து எழுப்பி, கடைக்குப் பக்கவாட்டில் ஒரு சாக்கு விரித்துப் படுக்க வைப்பதும் முடியாத காரியம் அல்ல. சோற்றுத் தட்டும் தண்ணீரும் அங்கே இருந்தால் நாயே அந்த இடத்தைத் தனது என்று எடுத்துக்கொள்ளும். படி வாடிக்கைக்காரருக்கு, சாக்கு நாய்க்கு.

ஆடியும் தீபாவளியும்

சேலத்தில் ஆடி மாதம் என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை. ஊர் முழுவதும் ஜனம். கொலுசுக் கடைகளுக்கு நல்ல வியாபாரம். அந்த நெரிசலில் நாய் தானாகவே இடத்தைக் காலி செய்துவிடுகிறது. ஆயிரம் கால்கள் நடக்கும் வீதியில் வாலைக் காப்பாற்றுவது பெரும்பாடு என்று அதற்குத் தெரியும்.

தீபாவளி அதைவிடக் கஷ்டம். கடை நள்ளிரவு வரை திறந்திருக்கும். வெளியே பட்டாசு. 45 ஆயிரம் அதிர்வு கேட்கும் காதுக்கு ஓர் அணுகுண்டு வெடி எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். வருஷம் முழுவதும் கடைக்குள் கால் வைக்கத் தயங்கும் நாய் அன்று மட்டும் உத்தரவு கேட்காது. உள்ளே நுழைந்து தராசு மேஜைக்கு அடியில், முதலாளியின் காலுக்கு நடுவே புகுந்துகொள்ளும். நடுங்கும். பயந்தவர்கள் கட்சிகூட அன்று அதற்கு வழி விட்டு நிற்கும். எடை போடுகிறவர் ஒரு கையால் தராசைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் கீழே விட்டு அதன் தலையில் வைத்துக்கொண்டிருப்பார். விடிந்து, வீதியில் பட்டாசுக் காகிதத்தைக் கூட்டும் துடைப்பச் சத்தம் கேட்ட பிறகே அது மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரும்.